வோல்ட், ஆம்பியர் தெரிந்தால் ஓம், வாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வயரிங், கீசர், இன்வெர்ட்டர், கிணற்று மோட்டார் என்று எதைப் பற்றி என்னிடம் கேட்டாலும் பேச்சு கடைசியில் இரண்டே இரண்டு சூத்திரங்களுக்குத்தான் வந்து நிற்கிறது. அவை ஏழாவது எட்டாவது படிக்கும் பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும். ஆனால் தப்பான விடை எடுப்பவர்கள் சூத்திரம் தெரியாதவர்கள் இல்லை. அதில் எந்த எண்ணை நிலையாக வைத்துக்கொள்வது என்று யோசிக்காதவர்கள்.

வோல்ட்டும் ஆம்பியரும் அளந்துவிட்டேன். ஓம், வாட் எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். என் வீட்டு அயர்ன் பாக்ஸை ஒருநாள் அளந்து பார்த்தேன். பிளக் பாயின்ட்டில் 226 வோல்ட் இருந்தது, பாக்ஸ் 4.2 ஆம்பியர் இழுத்தது. 226-ஐ 4.2-ஆல் வகுத்தால் சுமார் 53.8 ஓம். பெருக்கினால் 949 வாட். பெட்டியின் அடியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. அது 230 வோல்ட்டுக்கான கணக்கு, அதோடு தயாரிப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் இந்த வித்தியாசம் குறையல்ல.

இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு வடிவங்கள் கிடைக்கும். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தாலும் வாட் வரும். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி மின்தடையால் பெருக்கினாலும் வாட் வரும். முதலாவது ஹீட்டர் கணக்குக்கு, இரண்டாவது வயர் சூடாவதற்கு. ஏன் என்பது கீழே வரும்.

வோல்டேஜ், கரண்ட் இரண்டும் எனக்குக் குழம்புகிறது.

குழம்புவதில் ஆச்சரியமில்லை, நம் பேச்சுவழக்கே குழப்பித்தான் வைத்திருக்கிறது. 'கரண்ட் போச்சு' என்கிறோம், 'கரண்ட் கம்மியா வருது' என்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் சொல்ல வருவது வோல்டேஜைத்தான். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் எதையும் சொருகாதபோது 230 வோல்ட் காத்திருக்கிறது, ஆனால் ஒரு ஆம்பியர்கூட ஓடவில்லை. சொருகி சுவிட்சைப் போட்ட பிறகுதான் கரண்ட் ஓடுகிறது. எவ்வளவு ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் சொருகிய சாமான். அதாவது வோல்டேஜ் மின்வாரியம் தருவது, ஆம்பியர் உங்கள் சாமான் கேட்டு வாங்குவது.

கீசரில் 2000 வாட், 230 வோல்ட் என்று மட்டும்தான் இருக்கிறது. ஆம்பியர் இல்லையே?

வாட்டை வோல்ட்டால் வகுத்துவிடுங்கள். 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர். அதனால்தான் சாதாரண சின்ன பிளக் பாயின்ட்டில் (6 ஆம்பியர்) கீசரைச் சொருகக் கூடாது, 16 ஆம்பியர் பெரிய பாயின்ட் வேண்டும். 1500 வாட் தண்ணீர் ஹீட்டர் ராடுக்கும் 6.5 ஆம்பியர் வருகிறது. அதற்குச் சின்ன பிளக்கைப் பொருத்தி ஓட்டுகிற வீடுகளில் பிளக்கின் பின்கள் பழுப்பேறி இருப்பதைப் பார்க்கலாம்.

கீசரின் மின்தடை 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் சுமார் 26.5 ஓம். இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

லோ வோல்டேஜ் நாட்களில் தண்ணீர் சூடாக ஏன் இவ்வளவு நேரம்? வோல்டேஜ் கொஞ்சம்தானே குறைந்தது?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வாட் = வோல்ட் × ஆம்பியர், சரி. வாட் 2000 என்று கீசரிலேயே எழுதியிருக்கிறது. எனவே வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். கீசரைப் பொறுத்தவரை அது தவறு. கீசருக்குள் இருப்பது ஒரு சுருள் கம்பி. அதற்குத் தன் மீது 2000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது தெரியாது. அதன் 26.5 ஓம்தான் நிலையானது.

எனவே 180 வோல்ட் வந்தால் ஆம்பியரும் குறைகிறது: 180 ÷ 26.5 = 6.8. இரண்டும் குறைந்தவை, அவற்றைப் பெருக்கினால் 1225 வாட்தான். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம் குறைந்தது, சூட்டிலோ ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் திறன் மாறுகிறது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் வரியின் அர்த்தம் இதுதான்.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற சுமார் 12.5 லட்சம் ஜூல் வேண்டும். 2000 வாட்டில் அது பத்தரை நிமிடம். 1225 வாட்டில் 17 நிமிடம். ஆனால் யூனிட் கூடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வெளியே கசியும் கொஞ்சம் சூட்டை விட்டுவிட்டால் இரண்டிலும் ஏறக்குறைய 0.35 யூனிட்தான். மெதுவாகச் செலவாகிறது, அவ்வளவே.

மோட்டாருக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, நேர் எதிர். மோட்டார் மேல்தொட்டிக்குத் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும், அந்தச் சுமை வோல்டேஜைப் பார்த்துக் குறைவதில்லை. அதாவது மோட்டாரில் ஏறக்குறைய நிலையாக நிற்பது மின்திறன். வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்ட ஆம்பியர் கூடுகிறது. 6 ஆம்பியர் இழுத்த மோட்டார் 8 ஆம்பியர் இழுக்க ஆரம்பித்தால் காயிலில் உண்டாகும் சூடு எவ்வளவு கூடும்? மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. 8 × 8 = 64, 6 × 6 = 36. சுமார் 1.8 மடங்கு. கோடையில் காயில் கருகி ரீவைண்டிங் கடைக்குப் போகும் மோட்டார்களில் பாதிக்கு இந்தக் கணக்கே காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். எனவே 180 வோல்ட்டில் கீசரைப் போடுங்கள், ஒன்றும் ஆகாது. மோட்டாரைப் போடாதீர்கள்.

செல்போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், டிவி எல்லாம் மோட்டார் கட்சி. உள்ளே இருக்கும் சுற்று தனக்கு வேண்டிய வாட்டை எடுத்தே தீரும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு, பழைய குண்டு பல்பு எல்லாம் கீசர் கட்சி. கணக்கைத் தொடங்கும் முன் சாமான் எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 880 ஓம் வருகிறது. மல்டிமீட்டரில் 65 ஓம்தான் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டரும் சரி, கணக்கும் சரி. நீங்கள் அளந்தது குளிர்ந்த பல்பை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. உலோகம் சூடானால் மின்தடை கூடும், டங்ஸ்டனில் அது பதின்மூன்று பதினான்கு மடங்கு வரை போகும். சுவிட்ச் போடும் அந்த நொடியில்தான் பழைய பல்புகள் 'டப்' என்று போவதற்கும் இதுவே காரணம். 65 ஓம் என்றால் முதல் கணத்தில் மூன்றரை ஆம்பியர் பாய்கிறது. எரியத் தொடங்கியபின் கால் ஆம்பியர்தான்.

ஹீட்டரிலும் அயர்ன் பாக்ஸிலும் இருக்கும் நிக்ரோம் கம்பி அப்படி இல்லை. செக்கச் சிவக்கச் சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதமே மாறும். எனவே குளிர்ந்த நிலையில் ஓம் அளந்து, 230-ஐ வர்க்கப்படுத்தி வகுத்தால் வாட் கிட்டத்தட்ட சரியாகவே வரும். செகண்ட் ஹேண்ட் ஹீட்டர் வாங்கும்போது நான் செய்வது இதைத்தான். 1500 வாட் என்று எழுதியிருந்தால் 35 ஓம் காட்ட வேண்டும். 53 காட்டினால் அது 1000 வாட் சரக்கு.

இந்த ஓம் யார்?

கேயார்க் சீமோன் ஓம், ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் 1789-இல் பிறந்தவர். கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது சோதனைகளைச் செய்து 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய பெரிய தலைவலி நம்முடையதுதான், லோ வோல்டேஜ். அந்தக் காலத்து பேட்டரிகள் அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். அதனால் பேட்டரியைத் தூக்கிப்போட்டுவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அசையாத மின்னழுத்தம் கிடைத்தது, மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் என்ற விதியும் கிடைத்தது. ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார் என்ற வித்தையை அவரிடமிருந்தே கற்கலாம். இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி 1841-இல் அவருக்கு காப்ளி பதக்கம் தந்தது.

அவருக்கு முன்பே ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் இந்த விதியைத் தொட்டிருந்தார். அவரிடம் அம்மீட்டர் கிடையாது. தன் உடம்பில் ஷாக் வாங்கி, எது பலமான ஷாக் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். எழுதியதை வெளியிடவும் இல்லை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தது 1879-இல்.

எல்.இ.டி. பல்பு 9 வாட். ஆனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 18 வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை. வோல்ட் × ஆம்பியர் = வாட் என்பது பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கும், ஹீட்டர் மாதிரி வெறும் கம்பிச் சுருளுக்கும் அப்படியே பொருந்தும். வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரத்தில் மோட்டார், டியூப்லைட் சோக், எல்.இ.டி. டிரைவர் போன்றவற்றில் கரண்ட் வோல்டேஜோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. முன்னே பின்னே ஓடும், அல்லது விட்டு விட்டு இழுக்கும். அதற்காகப் பெருக்குத்தொகையை இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டும், பவர் ஃபேக்டர். மலிவான எல்.இ.டி. பல்பில் அது 0.5 அளவில் இருக்கும். 18-இல் பாதி 9. வீட்டு மீட்டர் அந்த 9-ஐத்தான் எண்ணுகிறது.

ஒரு குதிரைத்திறன் மோட்டாரிலும் இதே கதை, இன்னொரு கிளைக்கதையோடு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் அது தண்டு வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம், மீதி சூடாகப் போகிறது. பம்பில் 7 ஆம்பியர் ஓடுவதைப் பார்த்து 'கணக்குப்படி 3.2 தானே' என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

எலெக்ட்ரீஷியன் ஒரு பல்பை சீரிஸில் வைத்து டெஸ்ட் பண்ணுகிறாரே, அதில் என்ன கணக்கு?

சீரிஸ் போர்டு. விலையுயர்ந்த கருவிகள் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. ஒரு 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் சோதிக்க வேண்டிய சாமானுக்குக் கரண்ட் போகும். சாமான் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் வெடிக்காது, பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஏனென்றால் 230 வோல்ட்டும் பல்பின் மீதே விழுகிறது, அதன் 529 ஓம் கரண்டை 0.43 ஆம்பியருக்கு மேல் போக விடாது. உள்ளே கம்பி அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது.

ஒரு எச்சரிக்கை: பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் என்று எப்போதும் முடிவுகட்ட முடியாது. நல்ல அயர்ன் பாக்ஸ் 53 ஓம். பல்பின் 529-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. மொத்தம் 582 ஓமில் பல்புக்கு 209 வோல்ட் கிடைத்துவிடும், கிட்டத்தட்ட முழு வெளிச்சம். அயர்ன் பாக்ஸுக்கு மிச்சம் 21 வோல்ட். சீரிஸ் போர்டில் அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பார்த்து 'ஷார்ட்டு சார், புதுசு வாங்கிடுங்க' என்று சொன்னவரை நானும் பார்த்திருக்கிறேன்.

இதே இடத்தில் ஒரு புதிர். 60 வாட், 100 வாட் பல்புகளை சீரிஸில் போட்டால் எது பளிச்சென்று எரியும்? பலரும் 100 என்பார்கள். சீரிஸில் இரண்டிலும் ஓடும் கரண்ட் ஒன்றே, எனவே மின்தடை அதிகமுள்ளதில் அதிக வாட். 60 வாட் பல்புக்கு 882 ஓம், 100 வாட்டுக்கு 529. ஜெயிப்பது 60. குறைந்த வெளிச்சத்தில் இழை அவ்வளவு சூடாகாது என்பதால் ஓம் எண்கள் மாறும், ஆனால் ஜெயிப்பவர் மாறுவதில்லை.

12 வோல்ட் பேட்டரியில் ஒரு சின்ன எல்.இ.டி. எரிய வைக்க என்ன ரெசிஸ்டர்?

வெள்ளை எல்.இ.டி. தனக்கு 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 9 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் ஓட்ட வேண்டுமானால் 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் 450 கிடைக்காது, 470 கேளுங்கள்: மஞ்சள், ஊதா, பழுப்பு வளையங்கள். ரெசிஸ்டரில் சூடாகும் திறன் 9 × 0.019, அதாவது 0.17 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போதும். நாள் முழுக்க எரியப்போகிறது என்றால் அரை வாட் போடுங்கள், விரலைச் சுடாது. பலரும் 12-ஐயே 0.02-ஆல் வகுத்துவிடுகிறார்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையில் இருக்கும் வோல்ட்டைத்தான் போட வேண்டும், பேட்டரியின் வோல்ட்டை அல்ல.

கிணறு வீட்டிலிருந்து 100 மீட்டர். எந்த வயர் இழுப்பது?

செம்பு வயரின் மின்தடை: 0.0172-ஐ மீட்டர் நீளத்தால் பெருக்கி சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். நீளம் 100 அல்ல, போக 100 வர 100. ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 3.44 ஓம். 7 ஆம்பியர் ஓடும்போது 24 வோல்ட் வழியிலேயே போய்விடும், 169 வாட் வயரைச் சூடாக்கும். வீட்டில் 210 வந்தால் கிணற்றடியில் 186. மோட்டார் கட்சிக்கு இது என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

ஓடுவதைவிடக் கிளம்புவதில்தான் சிக்கல் அதிகம். கிளம்பும் நேரத்தில் மோட்டார் ஐந்து மடங்குவரை இழுக்கும். 35 ஆம்பியர் என்று வைத்தால் வயரில் 120 வோல்ட் விழும் என்று கணக்கு சொல்கிறது. நிஜத்தில் வோல்டேஜ் விழ விழ மோட்டார் அந்த 35-ஐ எட்டாது. ஆனால் கிளம்பவும் செய்யாது, 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.86 ஓம். ஓடும்போது இழப்பு 6 வோல்ட், கிளம்பும்போது 30. செலவு உறுத்தும். காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே கணக்கைப் பெரிதாக்கினால் உயர் அழுத்தக் கோபுரங்கள் எதற்கு என்று புரியும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6000 மெகாவாட் கொண்டுவரும் திறனுள்ள நேர்மின்சார (ஒரே திசையில் ஓடும் டி.சி.) தடம் இருக்கிறது. ஒரு பக்கம் கூட்டல் 800 கிலோவோல்ட், மறுபக்கம் கழித்தல் 800. இடைவெளி 16 லட்சம் வோல்ட். 6000 மெகாவாட்டை அதனால் வகுத்தால் 3750 ஆம்பியர். அதே திறனை 230 வோல்ட்டில் கொண்டுவர 2.6 கோடி ஆம்பியர் வேண்டும். அதற்கு வயர் அல்ல, செம்பு ஆறு வேண்டும்.

மீட்டர் எதுவும் இல்லாமல், வயரையும் தொடாமல் ஒரு சாமானின் வாட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வாசலில் இருக்கும் ஈ.பி. மீட்டரை வைத்தே. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். முகப்பில் 3200 என்பதுபோல ஒரு எண் இருக்கும், யூனிட்டுக்கு இத்தனை மினுக்கல் என்று பொருள். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். 3200-ஆல் வகுத்தால் ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். எனவே 1125-ஐ இரண்டு மினுக்கல்களுக்கு இடையே ஆகும் நொடிகளால் வகுத்தால் அந்த நேரத்து வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும்போது பத்து மினுக்கலுக்கு 90 நொடி ஆனால், ஒன்றுக்கு 9 நொடி, 125 வாட். எல்லாம் 'ஆஃப்' என்று நினைத்திருக்கும்போது இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை மினுக்கினால் 7.5 வாட் எங்கேயோ போகிறது. செட்டாப் பாக்ஸ், வைஃபை, சுவரிலேயே தொங்கும் சார்ஜர். இரண்டு மாத பில்லில் அது சுமார் 11 யூனிட்.

ஆம்பியரை மல்டிமீட்டரில் அளப்பது எப்படி?

வீட்டு மின்சாரத்தில் அளக்காதீர்கள் என்பதே என் பதில். முதல் மீட்டர் வாங்கிய வாரம், பிளக் பாயின்ட்டில் 'எத்தனை ஆம்பியர் இருக்கிறது' என்று பார்க்க 10 ஆம்பியர் துளையில் ப்ரோபைச் சொருகி இரண்டு முனைகளையும் பாயின்ட்டுக்குள் விட்டேன். ஆம்பியர் நிலையில் மீட்டரின் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம். 230-ஐப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணால் வகுத்தால் என்ன வரும்? நீலப் பொறியும் கருகிய ப்ரோப் முனையும் வந்தன. எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) விழுந்ததால் நான் தப்பித்தேன். பிளக் பாயின்ட்டுக்குள் ஆம்பியர் எதுவும் காத்திருப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கிளாம்ப் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்தாலே போதும். ஆனால் ஃபேஸ் வயரை மட்டும் பிடிக்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகும் கேபிளை அப்படியே பிடித்தால் போவதும் வருவதும் அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும்.

ஷாக்கில் எத்தனை ஆம்பியர் ஓடும்?

தோல் நனைந்திருந்தால் உடம்பின் மின்தடையை 1500 ஓம் அளவில் எடுத்துக்கொள்ளலாம். 230 ÷ 1500 = 0.15 ஆம்பியர், அதாவது 150 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இது போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது கண்ணிலேயே படாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற இருப்பது, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் வெளியே கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) வேண்டும்.

கால்குலேட்டரில் 8.695652 என்று வருகிறது. எத்தனை தசமம் எழுதுவது?

8.7. நீங்கள் எண்ணை எழுதி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டு வோல்டேஜ் 230-லிருந்து 224 ஆகியிருக்கும்.